பாதியை எங்கே வைப்பது

நான் வேலை பார்த்த படிப்பு மையத்துக்கு இப்போது டேப் என்கிற கைக்கணினி வந்திருக்கிறது. திரையில் ஒரு கோடு வரும். இந்தக் கோடியில் பூஜ்யம், அந்தக் கோடியில் ஒன்று. பாதி எங்கே என்று கேட்கும். பிள்ளை ஒரு புள்ளியை விரலால் இழுத்துப் போய் நடுவில் விட்டால் மணி அடிக்கிறது, நட்சத்திரம் கொட்டுகிறது. வேறு இடத்தில் விட்டால் புள்ளி தானாகவே பூஜ்யத்துக்கு ஓடிவிடுகிறது. எனக்குப் பிறகு அங்கே பொறுப்புக்கு வந்த சங்கீதா போன மாதம் ஆலங்காயத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, டேப்ல எல்லாப் பசங்களும் கரெக்டா வெக்குதுங்க. அதே கோட்டைப் பேப்பர்ல போட்டுக் குடுத்தா முழிக்குதுங்க. நீங்க இன்னா பண்ணீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

"எழுதறதெல்லாம் எனக்கு எதுக்குடி? வாயால சொல்றேன், கேட்டுக்கோ."

"வாயால சொன்னா நடுவுல நடுவுல, பஸ்ஸுக்கு நேரமாச்சா, கேஸை மூடினேனான்னு எழுந்து போயிடுவீங்க. எழுதிடுங்க."

அவள் சொன்னது உண்மைதான். எனக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி. மையத்தைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை வந்தவள், பூட்டினேனா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. இதை எழுதும்போதும் அதே கதைதான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு முறை கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது தடவை.

அப்பா நோயில் படுத்த பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் பீடி சுற்றினேன். மலையில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்குப் படிப்பு மையம் நடத்துகிற ஒரு தொண்டு நிறுவனம், படிக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று கேட்டதாக மாதா கோயில் சிஸ்டர் வந்து சொன்னார்கள். "நான் ஒம்பதாவதுதான் சிஸ்டர்" என்றேன். "அவங்க கேட்டதும் ஒம்பதாவதுதான்" என்றார்கள். திருப்பத்தூரில் பயிற்சி. அங்கே பி.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள். என்னை எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று ஜன்னலோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பயிற்சி முடிவதற்குள் அந்த ஜன்னல் கம்பிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். மிச்சத்தையெல்லாம் மையத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

கோட்டு முறையைச் சொல்லிவிடுகிறேன். சங்கீதா கேட்டது அதைத்தான்.

மையத்தில் சிமெண்ட் தரை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை சாக்பீஸால் நேர்கோடு போடுவோம். ஒரு கோடியில் பூஜ்யம், மறுகோடியில் ஒன்று. அந்தக் கோட்டின் நீளத்துக்கே கொடிக்கயிறு ஒன்றை வெட்டி வைத்திருப்போம். பிள்ளை கயிற்றை இரண்டாக மடிக்கும். மடித்ததைக் கோட்டின் மேல் பூஜ்யத்திலிருந்து போட்டுப் பார்த்து, முடிகிற இடத்தில் போய் நிற்கும். அது பாதி, இரண்டில் ஒன்று. நாலாக மடித்தால் கால். மூன்று மடிப்பு போனால் முக்கால். முதலில் கால் நிற்க வேண்டும், பிறகு வாய் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கை. அதாவது, பேப்பரில் சின்னதாகக் கோடு போட்டு, புள்ளி வைத்து, புள்ளிக்குக் கீழே எழுத வேண்டும். முதல் வரி, என்ன வைத்தேன் என்று. இரண்டாவது வரி 'ஏன்னா' என்று தொடங்க வேண்டும். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம். கணக்கில் எழுத்துப் பிழையைத் திருத்தக் கூடாது, சிவப்பு மை கூடாது. இதெல்லாம் எங்கள் மேற்பார்வையாளர் தணிகாசலம் சார் போட்ட சட்டம்.

புதுப் பிள்ளைகளுக்குக் கோடு என்றால் என்ன என்று புரியாது. அதற்கும் பயிற்சியில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். கோடு ஒரு பாதை. பூஜ்யம் நீ நிற்கிற இடம், ஒன்று என்பது நீ போய்ச் சேருகிற இடம். அந்த இடம் பிள்ளைக்குத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். நான் எப்போதும், "பூஜ்யம் நம்ம சென்டரு, ஒண்ணு உங்க வூடு" என்றுதான் தொடங்குவேன். வீட்டுக்குப் போவது என்றால் எல்லாப் பிள்ளைக்கும் முகம் மலரும்.

தணிகாசலம் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருவதாகச் சொல்லிவிட்டு வரமாட்டார். திடீரென்று வண்டிச் சத்தம் கேட்கும், நான் பேப்பர்களை அடுக்க ஓடுவேன். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைப்பார். உள்ளே வந்ததும் கைக்கடிகாரத்தை அவிழ்த்து ஜன்னல் விளிம்பில் குப்புற வைப்பார். "நான் நேரம் பாத்தா பசங்க அவசர அவசரமாப் பதில் சொல்லும்" என்பார். அவருக்கு முழங்கால் வலி. இருந்தாலும் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார், பிள்ளைகளோடு தரையில்தான். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவார். கை கொடுத்தால் பிடிக்காது. நல்லா இருக்கு என்று அவர் வாயால் நான் கேட்டதில்லை. 'ம்' என்பார். அந்த 'ம்'மில் ஒன்று, சரி, மேலே போ. இன்னொன்று, இரு, யோசிக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் முதல் ஓராண்டு தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு பிள்ளை முக்காலைக் கால் வர வேண்டிய இடத்தில் வைத்தபோது நான் சட்டென்று "தப்பு" என்றுவிட்டேன். பிள்ளைகள் போன பிறகு, சார் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரீட்டாம்மா, தப்புன்னீங்களே, எதுல தப்பு? மடிக்கறதுலயா, எண்றதுலயா, இல்ல எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணுங்கறதுலயா?"

"தெரியலைங்க சார்."

"தெரிஞ்சா தப்புன்னு சொல்லுங்க. தெரியலன்னா, 'எங்க இருந்து ஆரம்பிச்ச கண்ணு'ன்னு கேளுங்க."

அதைத்தான் பிறகு கடைசி வரை கேட்டேன். அப்படிக் கேட்டால் பாதிப் பிள்ளைகள் பதில் சொல்லும்போதே தாங்களே திருத்திக்கொள்ளும்.

ஏழுமலை என்று ஒரு பையன். எட்டில் ஒன்றுதான் நாலில் ஒன்றைவிடப் பெரிது என்று ஒரு வாரம் சண்டை போட்டான். "எட்டு பெருசா, நாலு பெருசா டீச்சர்? நீங்களே சொல்லுங்க!" நான் வாதம் செய்யவில்லை. கயிற்றைக் கொடுத்தேன். நாலாக மடித்து நின்றான். அவிழ்த்து எட்டாக மடித்து நின்றான். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்பதைத் தானே பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். பிறகு உட்கார்ந்து எழுதினான்: 'எட்டுல ஒன்னு சின்னது. ஏன்னா எட்டு பேரு குந்துனா கொஞ்சம்தான் வரும். எங்க வூட்ல எட்டு பேரு.' பக்கத்தில் எட்டிப் பார்த்த பெண், "அதான் நீ முருங்கக்கா மாதிரி கீற" என்றாள். அன்று கணக்கு வகுப்பு அடிதடியில் முடிந்தது. சார் வந்தபோது அந்தப் பேப்பரைக் காட்டினேன். வாசித்துவிட்டு 'ம்' என்றார். முதல் வகை.

இனி மல்லிகா.

மையம் ரோட்டோரம். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்த ரோட்டிலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற வீடுகளிலிருந்து வருவார்கள். மல்லிகா மட்டும் கல்லுக்கொல்லையிலிருந்து வந்தாள். அந்தக் குடியிருப்புக்கு ரோடு கிடையாது, நடைதான். அந்த ஆண்டு அங்கேயிருந்து வந்த ஒரே பிள்ளை அவள். இடுப்பில் எப்போதும் தம்பி இருக்கும். நடக்கத் தொடங்காத குழந்தை. அதைப் பாய் மேல் விட்டுவிட்டுப் படிப்பாள். அழுதால் தூக்கி வைத்துக்கொண்டு படிப்பாள்.

அவளுடைய அப்பா வெள்ளையனும் அம்மா காளியம்மாளும் ஆண்டுதோறும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போவார்கள். முந்தின ஆண்டுகளில் மல்லிகாவும் கூடவே போனாள். போய்த் திரும்பும்போது படித்ததெல்லாம் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து. இதற்கு ஒரு வழி இருந்தது. எங்கள் நிறுவனத்துக்கு மலையடிவாரத்தில் ஒரு விடுதி உண்டு. மையத்தில் ஐந்தாம் நிலைத் தேர்வை முடிக்கிற பிள்ளையை உடனே விடுதியில் சேர்த்துக்கொண்டு, அங்கேயே பாடம் நடத்தி, ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் விடுவார்கள். தேர்வை முடிக்காத பிள்ளைக்கு விடுதியில் இடம் கிடையாது. வீட்டிலும் ஆளில்லை என்றால் அது குடகுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பத்து வயதைத் தாண்டிவிட்டால் பறிக்கிற கையாகவும் ஆகிவிடும். பிறகு திரும்பி வந்து யாரும் மையத்தில் உட்காருவதில்லை.

வெள்ளையனைச் சந்தை நாளில் பிடித்துப் பேசினேன்.

"பாஸ் பண்ணா வுட்டுர்றங்க. பண்ணலன்னா எங்களோட வரட்டும். கொழந்தைய வெச்சினு இவளால பறிக்க முடியாதுங்க" என்றார், பெண்டாட்டியைக் காட்டி.

காளியம்மாள் என்னைப் பார்க்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொல்லிட்டுப் பஸ் ஏறிப் போய்டுவீங்க. கைக்கொழந்தைய யாரு பாக்கறது?"

அது நியாயமான கேள்வி என்பதால் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மல்லிகா வாசிப்பை முடித்தாள், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் முடித்தாள். பின்னம்தான் பாக்கி. அதில்தான் சிக்கிக்கொண்டோம்.

கயிற்றைக் கொடுத்தால் மற்ற பிள்ளைகளைவிடச் சுத்தமாக மடிப்பாள். நுனியோடு நுனி வைத்து இழுத்துப் பார்ப்பாள். தரைக்கோட்டில் கயிற்றைப் போட்டு நிற்பதும் சரி. பூஜ்யத்திலிருந்து பத்து வரை காலடி எண்ணி நிற்கிற கோடும் சரி. ஆனால் கயிறு இல்லாமல் பேப்பரில் வெறும் கோட்டைக் கொடுத்துப் பாதியை வை என்றால், நடுவைத் தாண்டிப் போய், ஒன்றுக்குக் கிட்டத்தில் புள்ளி வைப்பாள். கால் பாகத்தை வை என்றால் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் வைப்பாள். கீழே, 'பாதி இங்க கீது' என்று எழுதுவாள். 'ஏன்னா' என்று எழுதி நிறுத்திவிடுவாள்.

"ஏன்னா இன்னா மல்லிகா?"

"அங்கதான் டீச்சர் கீது."

"எங்க இருந்து ஆரம்பிச்ச?"

"சென்டர்ல இருந்து."

"சரி. பாதி நடுவுலதானே இருக்கணும்?"

என் முகத்தைப் பார்ப்பாள். நான் விளையாடுகிறேனா என்று பார்க்கிற மாதிரி இருக்கும். நான் நடுவில் புள்ளி வைத்துக் காட்டினால் அதையும் வாங்கிக்கொள்வாள். அடுத்த நாள் பழைய இடத்துக்கே போவாள்.

நான் செய்யாதது இல்லை. காகிதத்தை மடிக்க வைத்தேன், ரிப்பனை வெட்ட வைத்தேன். எல்லாம் சரியாக வரும். கோட்டுக்கு வந்தால் போய்விடும். கண்ணில் ஏதாவது கோளாறோ என்று பயந்து, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னேன். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தது. இடது கையால் எழுதுகிறவளோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை. பிறகு என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஒன்பதாவதோடு நின்றவளிடம் படித்தால் இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. இரவில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சார் வந்தபோது அவளுடைய பேப்பர்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்தார். அது எப்போதும் அவரிடம் இருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வைத்து வைத்துப் பார்த்தார்.

"ரீட்டாம்மா, தெரியாம வெக்கற புள்ள ஒரு நாள் இங்க வெக்கும், ஒரு நாள் அங்க வெக்கும். இவ பெரிய கோட்டுலயும் சின்னக் கோட்டுலயும் ஒரே எடத்துல வெச்சினு வர்றா."

"அப்படின்னாங்க சார்?"

"அவளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. அது இன்னான்னு நமக்குத் தெரியல." பிறகு 'ம்' என்றார். இரண்டாவது வகை. "ஆனா தேர்வுத் தாள்ல நடுவுல இருந்தாத்தான் நான் சரின்னு போட முடியும். அதையும் மனசுல வெச்சுக்குங்க."

தேர்வு நாள், வெள்ளையனும் காளியம்மாளும் குடகுக்குக் கிளம்புகிற நாளுக்கு முந்தின நாளாக அமைந்துவிட்டது. இருவரும் மூட்டைமுடிச்சோடு கீழே இறங்கி மையத்துக்கே வந்துவிட்டார்கள். முடிவு எதுவானாலும் அன்று இரவு ரோட்டோரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் முதல் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. காளியம்மாள் வெளியே வேப்பமரத்தடியில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளையன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். குழந்தைக்கு அப்பா மடி பழக்கமில்லை. அக்காவைப் பார்த்து நெளிந்துகொண்டே இருந்தது.

சார் கடிகாரத்தை அவிழ்த்து வைத்துவிட்டு மல்லிகாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். தாளில் ஒரு கோடு. பூஜ்யம், ஒன்று.

"பாதிய வை கண்ணு."

அவள் கொஞ்சம்கூட யோசிக்காமல் பழைய இடத்தில் வைத்தாள்.

'ம்' என்றார் சார். நான் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டேன். அவர் பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

வாசற்படியிலிருந்து வெள்ளையன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "கரெக்டா வெச்சுதுங்களா?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் சார்.

"நான் இன்னாத்தைப் பாக்கறது, படிக்காதவன்." எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "சரியாத்தானே கீது."

பெண்ணுக்காகப் பேசுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். சார் அப்படி நினைக்கவில்லை. பேனாவை மூடினார். வெற்றுத் தாளில் புதிதாக ஒரு கோடு போட்டு, பென்சிலை அவரிடம் நீட்டினார்.

"இதுல நீங்க வெய்ங்க. பாதி."

"நானா?" கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். குழந்தையை மல்லிகா வாங்கிக்கொண்டாள். "இது எங்க போற கோடுங்க?"

சார் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். "இது சென்டரு, அது உங்க வூடு."

"அதான் பாப்பா சொல்லுச்சு." தயங்காமல் புள்ளி வைத்தார். அவள் வைத்த அதே இடம். நடுவைத் தாண்டி, ஒன்றுக்குக் கிட்டத்தில்.

சார் தையல் டேப்பை எடுக்கவில்லை. "அங்க இன்னா இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

"குந்தற பாறைங்க. சந்தையில இருந்து மூட்டையத் தூக்கினு போனா அங்கதான் எறக்கி வெப்போம். எங்க ஊர்ல எல்லாரும் அங்கதான் எறக்கி வெப்பாங்க. பாறைக்கு இந்தாண்ட ஓடையோரம், கைய வீசினு போலாம். அந்தாண்ட ஒரே ஏத்தம். பாறையில குந்துனா பாதி வந்தாச்சுன்னு அர்த்தம்."

"தூரத்துல பாதியா?"

"தூரமா?" வெள்ளையன் சிரித்தார். "தூரத்தை யாருங்க தூக்கினு போறா? மூட்டையத்தான் தூக்கறோம்."

வெளியிலிருந்து காளியம்மாள் குரல் கொடுத்தாள். "இன்னா அங்க, அப்பனும் பொண்ணும் சேந்து பரீட்சை எழுதறீங்களா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரோட்டோரப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போகிற வழி சமதளமான வழி. அவர்களுக்குப் பாதி நடுவிலேயே இருந்தது. இவளுக்கு மட்டும் வழி மேலே போனது. வீட்டுக்குப் போகிற கோடு என்று சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். அந்தப் பாதையில் அவள் தம்பியைச் சுமந்து தினமும் ஏறுகிறவள்.

சார் கொடிக்கயிற்றை எடுத்து மல்லிகாவிடம் கொடுத்தார். "இந்தக் கயிறு சென்டர்ல இருந்து உங்க வூடு வரைக்கும். சரியா? இதுல குந்தற பாறை எங்க வரும்?"

குழந்தையை மறுபடி அப்பாவிடம் தள்ளிவிட்டாள். கயிற்றை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். விரலால் ஒவ்வொரு மடிப்பாகத் தள்ளினாள். உதடு அசைந்தது. மூன்றாவது மடிப்பின் முடிவைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வரும். முக்கா."

"கரெக்ட்டு. ஓடை முடிஞ்சா முக்காவாசி வழி போயிடும்" என்றார் வெள்ளையன்.

"அப்போ பாதி?"

மல்லிகா சாரை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நாளும் என்னைப் பார்த்த அதே பார்வை.

"எந்தப் பாதி சார்? கயித்துப் பாதியா, மூட்டைப் பாதியா?"

சார் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"பரீட்சைத் தாள்ல எப்பவும் கயித்துப் பாதிதான் கேப்பாங்க கண்ணு. எந்த ஊர்ப் பரீட்சையா இருந்தாலும்."

"மூட்டைப் பாதி கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

அவள் ரப்பரை எடுத்தாள். பழைய புள்ளியை அழித்துவிட்டு நடுவில் வைத்தாள். கையை மறைத்துக்கொண்டு கீழே எழுதினாள். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி நகர்த்தினாள். சார் வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். 'பாதி நடுவுல கீது. ஏன்னா இது மூட்டை இல்லாத கோடு.'

எனக்கு உடனே அடுத்த பயம் வந்துவிட்டது. சாரே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே, இதை ஒத்துக்கொள்வாரா? அவரும் அதையே யோசித்திருக்க வேண்டும். அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். நீளம் மாற்றி மாற்றிப் புதிய கோடுகள் போட்டார். கால், முக்கால், மூன்றில் ஒன்று, எட்டில் மூன்று. எதையும் விளக்கவில்லை. ஜன்னலை வேறு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே 'ஏன்னா' எழுதினாள். எல்லாவற்றிலும் தையல் டேப்பை வைத்துப் பார்த்தார். மூன்றில் ஒன்று மட்டும் மயிரிழை தள்ளியிருந்தது. "இதைப் பெரியவங்க வெச்சாலும் தள்ளும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கடிகாரத்தைக் கட்டினார்.

"இப்ப இன்னாங்க? பாப்பா எங்களோட வருதா, நிக்குதா?" என்றார் வெள்ளையன்.

"நிக்கட்டும்" என்றார் சார்.

வெள்ளையன் தலையாட்டினார். ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. வேப்பமரத்தடியைப் பார்த்தார். காளியம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து வந்து வாசலில் நின்றாள். நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை.

"சரி, படிக்கட்டும். பறிக்கற எடத்துல கொழந்தைய மரத்துலயா மாட்டறது? அதைச் சொல்லுங்க."

மல்லிகா பென்சிலைக் கீழே வைத்தாள். "நான் போறேன் சார்" என்றாள். அழவில்லை. கயிற்றைச் சுருட்டி வைக்கப் போனாள்.

"நீ இரு" என்றார் வெள்ளையன். "நான் தூக்கினே பறிக்கறேன்."

"நீயா?" காளியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அரை நாள் தூக்குவியா? கூடையிலயே அது மேல காப்பிக்கொட்டையப் போட்டுடுவ."

"பாப்பா இத்தினி நாளும் தூக்கினு ஏறல? நான் ஏற மாட்டனா?"

அவள் அவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். "தோட்டத்து மேஸ்திரி இன்னா சொல்வான்?"

"சொல்லட்டும்."

மறுநாள் காலை அவர்கள் முதல் பஸ்ஸில் போனார்கள். அந்தப் பஸ் மேலே வந்து திரும்புகிறபோது அதில்தான் நான் ஆலங்காயத்திலிருந்து வந்து இறங்கினேன். வெள்ளையன் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டியிருந்தார். மல்லிகாதான் கட்டிவிட்டிருக்கிறாள். முடிச்சு அவளுடைய முடிச்சு. மதியம் விடுதி வண்டி வந்தது. அவளை ஏற்றிவிட்டு, துணிப்பையைக் கொடுத்தேனா என்று அவளிடம் இரண்டு முறை கேட்டேன்.

அதற்குப் பிறகு கோட்டைத் தொடங்கும்போது நான் செய்ததைச் சங்கீதாவுக்காக எழுதுகிறேன். புதுப் பிள்ளையிடம் முதலில், "வூட்டுக்கு எப்படிப் போவ, எங்க நின்னு மூச்சு வாங்குவ?" என்று கேட்பேன். பிறகு இரண்டு கோடு போடச் சொல்வேன். ஒன்று சுமையோடு போகிற கோடு, இன்னொன்று கயிற்றுக் கோடு. இரண்டிலும் பாதியை வைத்து, ஏன்னா எழுத வேண்டும். சார் அதைத் திருப்பத்தூர் பயிற்சியில் மற்றவர்களுக்கும் சொல்லச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவரே சொன்னார். டேப் திரையில் ஒரு கோடுதான் இருக்கிறது. அதனால் டேப்பைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்து பார், சங்கீதா.

காப்பிப் பறிப்பு முடிந்து அவர்கள் திரும்பியபோது, கல்லுக்கொல்லைக்குப் போவதற்கு முன்னால் நேராக விடுதிக்கு வந்தார்கள். அன்று மாதக் கூட்டத்துக்காக நானும் அங்கே இருந்தேன். குழந்தை வெள்ளையன் தோளில் இருந்தது. நடக்கப் பழகியிருந்தது, இருந்தும் இறங்கவில்லை. மல்லிகா வகுப்பிலிருந்து ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. பிறகு திரும்பி அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அக்காடா, போடா" என்று காளியம்மாள் பிரித்தெடுக்கப் பார்த்தாள். அது வீரிட்டது. வெள்ளையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குற்றம் செய்தவர் மாதிரி, "நான்தானே தூக்கினே இருந்தேன், அதான்" என்றார்.

மல்லிகா கையை இறக்கிக்கொண்டாள்.

"வுடும்மா, அழ வெக்காத" என்றாள். குழந்தையின் பாதத்தை ஒரு முறை தொட்டாள். அது காலை இழுத்துக்கொண்டது. உள்ளே மணி அடித்தது. "கணக்கு பீரியடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.